நினைவகத்தில் தகவல் அமரும் முறை

திருப்பதி மாவட்டத்தின் கீழைக் கரையில், வங்கக் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீவுக்கு ஸ்ரீஹரிக்கோட்டை என்று பெயர். ராக்கெட் ஏவுதளம் அமைப்பதற்கென்று 1969-ஆம் ஆண்டில் அத்தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் ரோஹிணி இனத்தைச் சேர்ந்த சிறு ராக்கெட் ஒன்று முதன்முதலாக அங்கிருந்து கிளம்பிற்று. நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த தீவு, 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் திருப்பதி மாவட்டம் புதிதாக அமைந்தபோது அதனுடன் சேர்ந்தது. தீவு ஓர் அங்குலமும் நகரவில்லை. அதன் முகவரி மட்டும் மாறிற்று. பழைய முகவரிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தேடுவோர் இன்றும் நெல்லூர்ப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். பொருள் ஒன்றாயிருக்க, அதைத் தேடும் இடம் இருவருக்கு இரண்டாக அமைந்துவிடும் இந்நிலையே இன்று நாம் பேசப்போகும் விஷயத்துக்கும் அடிப்படையாகும்.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் அத்தீவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 என்னும் ராக்கெட் மேலே சென்றது. துணைக்கோள்களை இறக்கிவிட்ட பிறகு அந்த ராக்கெட்டின் கடைசிப் பகுதியை வீணாக்காமல், சோதனைகள் நடத்தும் மேடையாக விண்ணிலேயே சிலகாலம் சுற்றவிட்டார்கள். அம்மேடையை நிர்வகித்த கணிப்பொறியில் இருந்தது ‘விக்ரம் 3201’ என்னும் நம் நாட்டுச் சில்லு. அதற்கு முன், 2009 முதல், நம் ராக்கெட்டுகளுக்குள் ‘விக்ரம் 1601’ என்னும் சில்லு பணியாற்றி வந்தது. பழையது பதினாறு பிட் உடையது. புதியது முப்பத்திரண்டு பிட். திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும், சண்டிகர் நகரத்தை ஒட்டியுள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியும் சேர்ந்து ஆக்கியவை இவை.

சில்லைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். நம் கவனத்தைக் கவர்ந்த செய்தி வேறொன்று. இச்சில்லுக்கென்று ‘ஏடா’ என்னும் மொழிக்கான கம்பைலர் ஒன்றையும் விண்வெளித் துறையினர் தாமே எழுதிக்கொண்டார்கள். கடையில் வாங்கும் சில்லுக்குக் கம்பைலரும் கடையில் கிடைக்கும். தாமே வடித்த சில்லுக்கு எந்தக் கடையில் கிடைக்கும்? உலகில் வேறெவரும் பேசாத மொழியைப் பேசும் யந்திரம் அது. அதற்கு மொழிபெயர்ப்பாளரையும் நாமேதான் உண்டாக்க வேண்டும்.

ஆம், கம்பைலர் என்பது ஒரு மொழிபெயர்ப்பாளரே. மனிதர் எழுதும் நிரலை யந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தருவது அதன் வேலை. அரசாங்கக் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றிக்கொண்டு காலம் கழிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது சக ஊழியர் முறையாகிறது. தமிழில் இதற்குத் ‘தொகுப்பி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். மொழிபெயர்க்கும் பொருளுக்குத் தொகுப்பி என்று பெயர் வைப்பானேன் என்று நேயர்கள் கேட்கக்கூடும். 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையார் ஆக்கிய ‘ஏ-0’ என்ற ஏற்பாடு, முன்னரே எழுதி வைத்த சிறு நிரல்களை நூலகத்திலிருந்து எடுத்துத் தொகுத்துத் தந்தது. அன்று வைத்த பெயர் வேலை மாறிய பின்னும் ஒட்டிக்கொண்டது. ஆகையால் பெயரைக் குறை சொல்வதற்கில்லை. எனினும் இப்பேச்சில் நாம் வழக்கிலுள்ள கம்பைலர் என்ற சொல்லையே ஆள்வோம்.

மொழிபெயர்ப்பாளர் சொற்களை மாற்றுவதோடு நின்றுவிடுவதில்லை. படிவம் ஒன்றை மொழிபெயர்த்தவர்களுக்கு இது தெரியும். பெயர் எழுத இத்தனை கட்டம், பிறந்த தேதிக்கு இத்தனை கட்டம், எது முதல், எது அடுத்து என்று தாளில் இடமும் ஒதுக்கியாக வேண்டும். கம்பைலருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. பல தகவல்கள் சேர்ந்த ஒரு பதிவை யந்திரத்தின் நினைவகத்தில் எந்த எந்த இடத்தில் அமர்த்துவது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. நிரல் எழுதியவர் பெரும்பாலும் அதைப் பார்ப்பதே இல்லை.

நினைவகம் என்பது ஒரே தெருவில் வரிசையாக அமைந்த வீடுகள் போன்றது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒரு வீட்டுக்குப் பைட் என்று பெயர். அதில் எட்டுப் பிட் அடங்கும். அதாவது 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண் குடியிருக்கலாம். அதற்கு மேற்பட்ட எண் வந்தால் இரண்டு வீடு, நான்கு வீடு, எட்டு வீடு என்று சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஓர் உதாரணம் காண்போம். இது நாம் கற்பனை செய்துகொண்டதே; எந்தத் தேவஸ்தானத்துக் கணிப்பொறியையும் குறிப்பதன்று. திருமலைக்குச் செல்லும் யாத்திரிகர் ஒருவருக்கு ஒரு சீட்டு வழங்குகிறோம். சீட்டில் நான்கு விவரங்கள்: எந்த வாயில் என்று காட்டும் எழுத்து, சீட்டின் எண், யாத்திரிகரின் வயது, வழங்கிய நேரம். எழுத்துக்கு ஒரு பைட் போதும். சீட்டு எண்ணுக்கு நான்கு. வயதுக்கு ஒன்று. நேரத்துக்கு எட்டு. 1970-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தொடங்கிக் கழிந்த விநாடிகளை எண்ணி நேரம் குறிப்பது கணிப்பொறி வழக்கம். அதற்கு நான்கு பைட் மட்டும் ஒதுக்கினால், குறைக்குறியும் ஒரு பிட்டை எடுத்துக்கொள்வதால், 2038-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் இடம் தீர்ந்துவிடும், ஆகவே எட்டு. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 14 பைட்.

ஆனால் இப்பதிவைச் ‘சி’ என்னும் மொழியில் இதே வரிசையில் எழுதி, இன்று மேஜைமேல் இருக்கும் அறுபத்து நான்கு பிட் கணிப்பொறியின் கம்பைலரிடம் கொடுத்தால், அது ஒதுக்கும் இடம் 24 பைட்! பத்துப் பைட் எங்கே போயிற்று?

மலைக்கு ஏறும் பஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு நான்கு இருக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் கொண்ட குடும்பத்தைப் பிரித்து இரண்டு வரிசையில் உட்காரவைக்கக் கூடாது என்று நடத்துநர் ஒரு விதி செய்திருக்கிறார். முதலில் ஒற்றை ஆள் ஒருவர் வந்து முதல் வரிசையின் முதல் இருக்கையில் அமர்ந்துவிட்டார். அடுத்து நால்வர் குடும்பம் வருகிறது. முதல் வரிசையில் மூன்று இடமே மீதி. குடும்பம் இரண்டாம் வரிசைக்குப் போகிறது. மூன்று இருக்கை காலியாகவே மலை ஏறுகிறது.

நம் சீட்டிலும் நடப்பது இதுவே. வாயில் எழுத்து 0-ஆம் பைட்டில் அமர்கிறது. நான்கு பைட் சீட்டு எண், நான்கால் வகுபடும் இடத்தில்தான் தொடங்கலாம். எனவே 1, 2, 3 காலி, எண் 4 முதல் 7 வரை. வயது 8-இல். எட்டுப் பைட் நேரம், எட்டால் வகுபடும் இடத்தில் தொடங்க வேண்டும். எனவே 9 முதல் 15 வரை ஏழு பைட் காலி, நேரம் 16 முதல் 23 வரை. மொத்தம் 24, அதில் பத்து வெறுமை. ஒரு லட்சம் யாத்திரிகருக்கு இருபத்து நான்கு லட்சம் பைட் ஒதுக்கினால் பத்து லட்சம் வெறும் இருக்கைகள்.

நடத்துநரின் விதி வீண் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். யந்திரம் நினைவகத்திலிருந்து ஒவ்வொரு பைட்டாக எடுப்பதில்லை; நான்கோ எட்டோ சேர்ந்த வரிசையாக வாரி எடுக்கிறது. ஓர் எண் இரண்டு வரிசைகளில் பரவிக் கிடந்தால் இரண்டு முறை எடுத்து ஒட்ட வேண்டும். இன்டெல் குலத்துச் சில்லுகள் பெரும்பாலும் முணுமுணுக்காமல் அதைச் செய்துவிடும். சில வேளை தாமதம் நேரும், அவ்வளவே. வேறு சில யந்திரங்கள் அப்படிப் பொறுப்பதில்லை. மோட்டரோலா 68000 என்னும் பழைய சில்லும், ஸ்பார்க் என்னும் குலத்துச் சில்லுகளும், வரிசை தவறிய எண்ணைக் கேட்டால் வேலையை அப்படியே நிறுத்திப் புகார் செய்துவிடும். நமக்கு இரண்டாம் வகையே மேலானதாகத் தோன்றுகிறது. தவறு நேர்ந்த இடத்திலேயே கத்திவிடும் ஊழியரால் அலுவலகத்துக்குப் பிற்பாடு வரும் தொல்லை குறைவு.

இனி வேடிக்கை தொடங்குகிறது. அதே நிரலை, அதே வரிசையில், முப்பத்திரண்டு பிட் இன்டெல் சில்லும் லினக்ஸ் இயக்க முறைமையும் உடைய பழைய கணிப்பொறியில் கொடுத்தால் விடை 20. அங்கே எட்டுப் பைட் எண்ணும், ஒரு பதிவுக்குள் வரும்போது, நான்கால் வகுபடும் இடத்தில் தொடங்கலாம் என்பது வழக்கம். எனவே நேரம் 12-இலேயே அமர்ந்துவிடுகிறது. அதே சில்லில் விண்டோஸ் இருந்தால் விடை மறுபடியும் 24! இரண்டு பைட்டுக்கு ஒரு வரிசை என்று கொள்ளும் யந்திரமாயின் விடை 16. சில்லு ஒன்று, நிரல் ஒன்று. ஆயினும் இயக்க முறைமை மாறினால் இருக்கை மாறுகிறது. ஒவ்வொரு யந்திரத்துக்கும் இயக்க முறைமைக்கும், எந்த வகைத் தகவலுக்கு எத்தனை பைட், அது எங்கே தொடங்கலாம் என்று எழுதிய உடன்படிக்கை ஒன்று உண்டு. கம்பைலர் அதற்குக் கட்டுப்பட்டது. தன் இஷ்டம்போல் செய்வதில்லை.

சித்தூரில் ஓர் அலுவலகத்தில் பழைய கணிப்பொறி, திருப்பதியில் புதிய கணிப்பொறி என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே எழுபது கிலோமீட்டர் தூரம், நிரல் ஒன்றே. சித்தூரார் தம் நினைவகத்தில் இருந்த பதிவுகளை இருந்தபடியே கோப்பில் கொட்டி அனுப்புகிறார்கள். ஒரு பதிவுக்கு 20 பைட். திருப்பதியார் 24 பைட் வீதம் படிக்கிறார்கள். முதல் பதிவில் வாயில் எழுத்து சரி. சீட்டு எண் சரி. வயதும் சரி. பார்ப்பவர் திருப்தியோடு தலையசைப்பார். நேரத்தைப் படிக்கும்போதுதான், முதல் யாத்திரிகரின் நேரத்தில் பின்பாதியும் இரண்டாம் யாத்திரிகரின் வாயில் எழுத்தும் ஒட்டிக்கொண்டு வரும். அடுத்த பதிவில், சீட்டு எண்ணின் ஒரு துண்டு வாயில் எழுத்தாக வந்து நிற்கும். இப்படிப் பிதற்றிக்கொண்டே போய், ஆறாவதாகப் படிக்கும் பதிவில் மறுபடியும் முதல் மூன்று விவரங்கள் சரியாக வரும்! ஏனெனில் 20-க்கும் 24-க்கும் பொதுவாக 120-ஆம் பைட்டில் இரண்டு கணக்கும் சந்திக்கின்றன. ஆனால் அங்கே வந்திருப்பவர் ஏழாம் யாத்திரிகர். திருப்பதிக் கணக்கில் ஆறாமவர். யந்திரம் எங்கும் நிற்கவில்லை, மணி அடிக்கவில்லை. முதல் பதிவையும் ஆறாம் பதிவையும் மட்டும் மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்திடும் அதிகாரிக்குப் பெருங்குறை எதுவும் தென்படாமலே போகலாம்.

பதிவின் வரிசையை மாற்றி, பெரியது முதலில் சிறியது பின்னர் என்று எழுதினால் என்ன? நேரம் 0 முதல் 7, சீட்டு எண் 8 முதல் 11, வாயில் எழுத்து 12, வயது 13. மீதி இரண்டு பைட் காலி, மொத்தம் 16. அந்த இரண்டு பைட் எதற்கு என்றால், அடுத்த யாத்திரிகரின் பதிவும் எட்டால் வகுபடும் இடத்தில் தொடங்க வேண்டுமே, அதற்காக. இருபத்து நான்கு பதினாறாகச் சுருங்கியது. குடும்பங்களை முதலில் ஏற்றிவிட்டு ஒற்றை ஆட்களைக் கடைசியில் ஏற்றும் நடத்துநரின் சாமர்த்தியம் இது.

இந்தச் சாமர்த்தியத்தைக் கம்பைலரே காட்டலாகாதா? மொழிக்கு மொழி இதில் வழக்கு வேறுபடுகிறது. 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி ஆக்கிய ‘சி’ மொழியில், எழுதிய வரிசையைக் கம்பைலர் மாற்றவே கூடாது என்பது சட்டம். இக்காலத்து ‘ரஸ்ட்’ மொழியில், வேண்டாமென்று சொல்லாதவரை, கம்பைலர் தனக்கு உகந்தபடி மாற்றிக்கொள்ளலாம். ‘ஏடா’ மொழியிலும் எழுதிய வரிசைதான் நினைவகத்து வரிசை என்ற கட்டாயம் கிடையாது. ஆனால் அங்கே வேறொரு வசதி உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

இருக்கைகளின் கதை இது. ஆட்களின் பருமனும் ஊருக்கு ஊர் மாறும். ‘சி’ மொழியில் ‘இன்ட்’ என்று எழுதினால் பதினாறு பிட் யந்திரங்களில் பொதுவாக இரண்டு பைட். பிற்காலத்து யந்திரங்களில் நான்கு. ‘லாங்’ என்று எழுதினால் அறுபத்து நான்கு பிட் லினக்ஸில் எட்டுப் பைட், அதே சில்லின்மேல் விண்டோஸில் நான்கே. நீளம் என்று பொருள்படும் சொல்லுக்கே நீளம் நிச்சயமில்லை! ‘முழம்’ என்று சொல்லிவிட்டு யார் கை முழம் என்று சொல்லாமல் விட்டால் பூக்கடையில் வரும் வழக்கு இங்கேயும் வருகிறது. அதனால்தான் பின்னாளில், எட்டுப் பிட், பதினாறு பிட், முப்பத்திரண்டு பிட் என்று அளவைப் பெயரிலேயே குறித்த வகைகளை 1999-ஆம் ஆண்டின் ‘சி’ தரநிர்ணயத்தில் சேர்த்தார்கள்.

மூன்றாவதாக ஒரு வேற்றுமை உண்டு. மொழி பயின்றவர்களுக்கு மிகவும் சுவையானது. ஓர் எண் நான்கு வீடுகளில் குடியேறும்போது, அதன் பெரிய பாகம் முதல் வீட்டிலா, கடைசி வீட்டிலா?

திருமலை, திருப்பதிக் கோயில்களில் பெருந்தொகையான கல்வெட்டுகள் தமிழில் உள்ளன. அக்காலக் கல்வெட்டுகளில் ஓர் ஊரைக் குறிக்கும்போது முதலில் மண்டலம், பிறகு கோட்டம், பிறகு நாடு, கடைசியில் ஊர் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வருவார்கள். இன்று தபால் உறையில் நாம் எழுதுவது நேர்மாறு: முதலில் கதவு எண், பிறகு தெரு, ஊர், மாவட்டம், மாநிலம். இரண்டும் ஒரே இடத்தையே காட்டுகின்றன. எந்த முறை என்று அறிந்தவர் வழி தவறார். எண்ணைச் சொல்வதிலும் இதுவே. தமிழிலும் தெலுங்கிலும் இருபதைச் சொல்லிவிட்டு ஐந்தைச் சொல்கிறோம். வடமொழியில் ‘பஞ்சவிம்சதி’ என்று ஐந்தை முதலில் வைக்கிறார்கள். இந்தியின் ‘பச்சீஸ்’ அதன் வழி வந்ததே.

கணிப்பொறிகளிலும் இரு கட்சிகள். இன்டெல் சில்லுகள் சிறிய பாகத்தை முதல் வீட்டில் வைக்கும். ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளும், ஸ்பார்க் குலத்தாரும் பெரிய பாகத்தை முதலில் வைப்பார்கள். 1 என்ற எண்ணை நான்கு பைட்டில் ஒரு கட்சியார் எழுத, மறு கட்சியார் படித்தால் 1,67,77,216 என்று வரும். ஒரு ரூபாய் செலவுக் கணக்கு ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிடும்! முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது என்பதற்காக இரு நாட்டார் போரிட்டதாக ஜானதன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளியிட்ட கலிவரின் யாத்திரைக் கதையில் வருகிறது. அக்கதையின் பெயர்களையே எடுத்து, 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிட்ட கட்டுரை ஒன்றில் டேனி கோஹென் என்னும் அறிஞர் இவ்விரு கட்சிகளுக்கும் ‘பெருமுனைக்காரர்’, ‘சிறுமுனைக்காரர்’ என்னும் பொருளில் பெயர் சூட்டினார். இன்றும் அப்பெயர்களே வழங்குகின்றன.

இது எண்களோடு நிற்பதில்லை. நம் எழுத்துக்கும் வந்து சேர்கிறது. யூனிகோடு என்னும் உலகப் பொது ஏற்பாட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தந்திருக்கிறார்கள். மகரத்துக்கு 2990. அதை இரண்டு பைட்டாக எழுதினால் 11, 174. ரகரத்துக்கு 11, 176. புள்ளிக்கு 11, 205. ‘மரம்’ என்ற சொல்லை எழுத மகரம், ரகரம், மகரம், புள்ளி என்று நான்கு எண்கள். எதிர்க் கட்சி யந்திரம் இவற்றைத் தலைகீழாகப் படித்தால் மகரம் 44555 ஆகிறது. ரகரம் 45067, புள்ளி 52491. 44032 முதல் 55203 வரையுள்ள எண்கள் யாருக்கு ஒதுக்கப்பட்டவை தெரியுமா? கொரிய எழுத்துகளுக்கு! நம் மரம் கொரிய மொழியின் நான்கு அசைகளாக நின்றுவிடும். ககரம் சீனச் சித்திர எழுத்தாகும். பகரமோ வியத்நாமிலும் கம்போடியாவிலும் வாழும் சாம் மக்களின் எழுத்துப் பகுதிக்குள் போய் விழும். எந்த மொழிபெயர்ப்பாளரும் இவ்வளவு துணிச்சலாகப் பெயர்த்ததில்லை. இதைத் தடுக்கவே கோப்பின் தலையில் அடையாளக் குறி ஒன்றை இடும் வழக்கம் வந்தது. ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் இந்தக் கட்சிச் சண்டைக்கே இடமில்லை.

விளையாட்டாகப் பேசினாலும் விஷயம் விளையாட்டன்று. திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் காதங்கி என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 1024 ஆன்டெனாக்களை 32-க்கு 32 என்று சதுரமாக நட்டு, 53 மெகாஹெர்ட்ஸ் அலையை வானோக்கி அனுப்பி, மேலே வீசும் காற்றின் போக்கை அறிகிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் அமைந்த இந்த ரேடார் நிலையம் 2005 முதல் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் என்ற பெயரோடு விளங்குகிறது. மழைக்காலக் காற்றும் புயலும் ஆண்டுக்காண்டு எப்படி மாறுகின்றன என்று அறிய, முப்பது ஆண்டுக்கு முந்தைய அளவையும் நேற்றைய அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கணிப்பொறி முப்பது ஆண்டு நிலைப்பதில்லை. அதற்குள் மூன்று நான்கு தலைமுறை யந்திரங்கள் வந்துபோய்விடும். இத்தகைய ஆராய்ச்சியில் எண்களைக் காப்பதோடு, எந்த எண் எத்தனை பைட், எங்கே தொடங்குகிறது, எந்த முனை முதலில் என்ற விவரத்தையும் உடன் எழுதிக் காத்தாக வேண்டும். கழிந்த காற்றை மறுபடி அளக்க முடியாது. இருக்கை விவரம் தொலைந்த கோப்பு, எழுத்து தெரிந்தும் மொழி தெரியாத கல்வெட்டுப் போல ஆகிவிடும்.

காலி இருக்கைகளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவை உண்மையில் காலியாக இருப்பதில்லை. கம்பைலர் அவ்விடங்களைத் துடைத்து வைக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. முன்பு அங்கிருந்த வேறு ஏதோ தகவலின் எச்சம் அப்படியே கிடக்கலாம். பயன்படுத்திய தாளின் பின்புறத்தில் கடிதம் எழுதி வெளியாருக்கு அனுப்பினால் முன்புறத்து ரகசியமும் கூடவே போகுமல்லவா? பதிவை இருந்தபடியே வலையில் அனுப்பும் நிரல்களில் இவ்வாறு ரகசியம் கசிந்ததுண்டு. மேலும், இரண்டு பதிவுகள் ஒன்றா என்று பைட் பைட்டாக ஒப்பிட்டால், விவரங்கள் யாவும் ஒத்திருந்தும் காலி இடத்துக் குப்பை வேறுபடுவதால் ‘ஒன்றல்ல’ என்று விடை வரும்.

பரிகாரம் என்ன? முதலாவது, வீட்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் அமரலாம். வெளியே அனுப்பும்போது பொது ஒழுங்கு வேண்டும் என்பது. சித்தூரார் பதிவை மொத்தமாகக் கொட்டாமல், வாயில் எழுத்து, சீட்டு எண், வயது, நேரம் என்று ஒவ்வொன்றாக, இடைவெளியின்றிப் பதினான்கு பைட்டாக, குறித்த முனையை முதலில் வைத்து எழுத வேண்டும். திருப்பதியார் அவ்வாறே ஒவ்வொன்றாக வாங்கித் தம் இருக்கையில் அமர்த்திக்கொள்ள வேண்டும். இணைய வழிகளில் பெரிய பாகமே முதலில் செல்ல வேண்டும் என்ற விதி இந்நோக்கத்தோடு வந்ததே. இதில் வேலை சற்று அதிகம். ஆனால் இதுவே நேர்வழி. காலி இடமே வேண்டாம், நெருக்கி அடுக்கு என்று கம்பைலருக்கு ஆணையிடும் குறுக்குவழியும் உண்டு. அப்படி அடுக்கிய எண்ணை, வரிசை தவறினால் நின்றுவிடும் யந்திரத்தில் கவனமின்றித் தொட்டால் என்னவாகும் என்பதை முன்னே கண்டோம்.

இரண்டாவது வழி ‘ஏடா’ மொழியில் உள்ளது. 1815-இல் பிறந்த ஏடா லவ்லேஸ் அம்மையாரின் பெயர் தாங்கிய மொழி அது. அமெரிக்க ராணுவத் தரப்பட்டியலில் அம்மொழிக்கு இட்ட எண்ணும் 1815. அதில் ஒரு பதிவை வரையறுத்துவிட்டு, இந்த விவரம் இத்தனையாவது பைட்டில், இந்தப் பிட் முதல் அந்தப் பிட் வரை என்று தனியே ஒரு விதி எழுதிவிடலாம். கம்பைலர் அதன்படி அமர்த்த வேண்டும்; இயலாவிட்டால் ஏற்க மறுத்து அப்போதே சொல்லிவிட வேண்டும். பூமியில், மேஜைமுன் இருக்கும்போதே குறை தெரிந்துவிடுகிறது.

ராக்கெட்டில் இதன் மதிப்பு தெரியும். அங்கே ஒரு கருவி அனுப்பும் செய்தியில் முதல் இரண்டு பைட் வேகம், அடுத்த இரண்டு பைட் கோணம் என்று ஒரு முறை முன்னரே நிச்சயிக்கப்பட்டிருக்கும்; கம்பைலரின் வசதிக்காக அதை மாற்ற முடியாது. ஒரு பைட் தள்ளிப் படித்தால் கோணம் வேகமாகும். 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பியரின் ஏரியான்-5 ராக்கெட் தன் முதற் பயணத்தில், கிளம்பிய நாற்பது விநாடி அளவிலேயே சிதறிற்று. அறுபத்து நான்கு பிட்டில் இருந்த ஓர் எண்ணைப் பதினாறு பிட்டுக்குள் அடைக்க முயன்றபோது இடம் போதாமற் போனதே தொடக்கம். அந்நிரலும் ஏடா மொழியில் எழுதியதுதான். முந்தைய ஏரியான்-4 ராக்கெட்டில் ஒழுங்காக ஓடியதுதான். இருக்கை வரிசைக் குழப்பமும் இதுவும் ஒன்றென்று சொல்ல மாட்டோம். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு நோய்கள் எனலாம். பழைய இடத்தில் பிழையின்றி இருந்த நிரல் புதிய இடத்துக்கு வரும்போது, இங்கே எத்தனை வீடு, எந்த வரிசை என்று மறுபடி கேட்டுத் தெளிய வேண்டியிருக்கிறது.

பதினாறு பிட் விக்ரமிலிருந்து முப்பத்திரண்டு பிட் விக்ரமுக்குச் செல்வோருக்கும் இக்கேள்விகள் உண்டு. இரண்டு பைட் எடுத்த யந்திரம் நின்ற இடத்தில் நான்கு பைட் எடுக்கும் யந்திரம் வருகிறது. தசம எண்களைக் கையாளும் திறனும் அதற்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு பதிவின் இருக்கையையும் கம்பைலர் புதிதாகக் கணக்கிடும். கம்பைலரை எழுதியவர்களும் ராக்கெட்டின் நிரலை எழுதுபவர்களும் ஒரே துறையினராக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு: ஐயம் வந்தால் கடல்கடந்த கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. 2025-ஆம் ஆண்டு மார்ச்சில் விக்ரம் 3201-உடன் ‘கல்பனா 3201’ என்ற இன்னொரு சில்லும் விண்வெளித் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. அது ஸ்பார்க் குலத்தது. பெரிய பாகத்தை முதல் வீட்டில் வைக்கும். வரிசை தவறிய எண்ணைக் கேட்டால் நின்று புகார் செய்யும். உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் திறந்தநிலைக் கம்பைலர்களே அதற்குப் பொருந்துமாறு அமைத்திருக்கிறார்கள்.